சாவா மூவாப் பதிவேடு

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்துக்குச் சற்று அப்பால், ரப்பர் முத்திரை செய்து தரும் சிறிய கடையொன்றில் நாங்கள் ஒருமுறை அரை மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற இளைஞர் கல்வராயன்மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். மலையில் விளையும் சாமையைக் குத்தி அரிசியாக்கி, பையிலிட்டு விற்கும் சிறு தொழிலொன்றைத் தொடங்கியிருந்தார். அதற்கு ஒரு முத்திரை வேண்டும்.

"ஊர் பேரு எப்படிப் போடணும் தம்பி? கல்ராயனா, கல்வராயனா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"கல்வராயன்மலைன்னே போடுங்கண்ணே."

தொழிலின் பெயர், ஊர், அதன்கீழ் 'உரிமையாளர்' என்று ஒரு சொல். அவ்வளவுதான் வாசகம். எழுதிக் காட்டிய தாளை அவர் மூன்று முறை வாசித்தார். முத்திரை கைக்கு வந்ததும் ஒரு பழைய காகிதத்தில் நான்கைந்து முறை குத்திப் பார்த்துவிட்டு, அந்தக் காகிதத்தையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

தொழிற்பதிவு என்றாலே நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவன படிவமும், கட்டணமும், இடைத்தரகரும்தான். 'தொழில் செய்யத் தெரிந்தால் போதாதா, அதைப் பதியவும் வேண்டுமா?' என்ற சலிப்பு இயல்பானதே. ஆனால் அந்த இளைஞர் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்ட விதம் எங்களை யோசிக்க வைத்தது. யாருடைய பெயர் எங்கே எழுதப்பட்டது, யாருடையது எழுதப்படவில்லை என்பதே இப்பகுதியின் வணிக வரலாற்றில் ஒரு பெரும்பகுதி என்று எங்களுக்குப் படுகிறது. இக்கட்டுரை அதைப் பற்றியது.

*

இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து செயல்படத் தொடங்கியது. மாவட்டம் புதிது, நிலம் பழையது. சங்க கால மலையமான்களின் திருக்கோவலூர், அதாவது திருக்கோவிலூர், இந்த மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. அங்குள்ள வீரட்டானேசுவரர் கோவிலின் சோழர் காலக் கல்வெட்டொன்று கபிலர் தீப்புகுந்த செய்தியைக்கூடச் சொல்கிறது. கோவில் சுவர் என்பது அக்காலத்தில் பக்திக்கு மட்டும் உரியதன்று. அதுவே ஊரின் பதிவேடு. நிலவிற்பனை, வரிவிலக்கு, பொன் முதலீடு, அதற்கான வட்டி, அதைப் பெற்றுக்கொண்டவர் யார், தவறினால் யார் பொறுப்பு என்பனவெல்லாம் கல்லில் வெட்டப்பட்டன. எவரும் வந்து வாசிக்கலாம். எளிதில் அழிக்க முடியாது.

இவ்வகைக் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் தொடரொன்று உண்டு: 'சாவா மூவாப் பேராடு'. கோவிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய வேண்டுமென விரும்புகிறவர் 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுப்பார். அவற்றைப் பெற்றுக்கொள்ளும் இடையர் நாள்தோறும் குறித்த அளவு நெய்யைக் கோவிலுக்கு அளக்க வேண்டும். ஆடுகள் மூப்படையும், சாகும். ஆனால் குட்டிகள் அவற்றின் இடத்தை நிரப்பும். எண்ணிக்கை குறையாமல் காப்பது பெற்றுக்கொண்டவர் கடமை. எனவே கணக்கில் உள்ள ஆடுகளுக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை.

நவீனக் கம்பெனிச் சட்டம் 'நிரந்தரத் தொடர்ச்சி' என்று சொல்லும் கருத்துக்கு இது மிக அருகில் இருக்கிறது. பங்குதாரர்கள் மாறலாம், இறக்கலாம், நிறுவனம் தொடரும். இரண்டும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் மனிதரைத் தாண்டி நிலைக்கும் ஒரு பொருளாதார ஏற்பாட்டைச் செய்ய வேண்டுமானால் அதை எல்லோரும் காணும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஐந்நூற்றுவர் முதலான வணிகக் குழுக்களும் தம் பெயரைக் கல்லில் பொறித்தன. 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த அவர்களது தமிழ்க் கல்வெட்டொன்று சுமத்திராவில் கிடைத்திருக்கிறது. கடல் கடந்த ஊரில் அறியாத ஒருவர் நம்மை நம்ப வேண்டுமானால் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். பதிவின் முதற்பயன் இதுவே.

*

திருக்கோவிலூரிலிருந்து தென்மேற்கே பார்த்தால் மலை. அங்கே நிலை வேறு.

கல்வராயன்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் மலையேறியதாகச் சொல்லும் தொன்மத்தை உடையவர்கள். பெயரைக் கொண்டு அவர்களைக் கேரளத்தோடு இணைத்துவிட வேண்டாம்; மலையை ஆள்பவர் என்பதே இங்கே பொருள், மொழி தமிழ். மலையின் தென்னார்க்காட்டுப் பகுதி சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார் மரபினரிடம் இருந்தது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் அளிக்கப்பட்ட உரிமை அது என்பது வழிவழிச் செய்தி. 1906இல் வெளிவந்த பிரான்சிஸின் தென்னார்க்காடு மாவட்ட விவரச் சுவடியும் இந்த ஜாகீர்களைக் குறிப்பிடுகிறது. ஆங்கில அரசு இவற்றைக் கலைக்கவில்லை. மலைமக்கள் வரி செலுத்தியது ஜாகீர்தாருக்கு.

இதன் விளைவைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். சமவெளியில் உழுதவருக்குப் பட்டா என்று ஒரு காகிதம் இருந்தது. அதைக் காட்டிக் கடன் வாங்கலாம், பிணை நிற்கலாம், வழக்காடலாம். மலையில் உழுதவரின் நிலம் ஜாகீர்தாரின் பெயரில் இருந்தது. அரசின் ஏட்டில் அவர் தனி வரியாக எழுதப்படவில்லை. மற்றொருவரின் வரிக்குள் அடங்கியிருந்தார். சாமையும் தேனும் கடுக்காயும் அவர் கையால் வந்தன. சந்தையில் அவை வாங்கியவரின் சரக்காயின. தோல் பதனிடுவதற்கும் மருந்துக்கும் வேண்டிய கடுக்காய் எத்தனையோ தொழில்களுக்கு மூலப்பொருளாயிற்று. சேகரித்தவருக்கு அதில் ஒரு தொழில் இல்லை, கூலி மட்டும் இருந்தது.

இனாம் ஒழிப்புச் சட்டம் 1963இல் வந்தது. எனினும் ஜாகீர் முறை முடிந்து கல்வராயன்மலை அரசின் நேரடிப் பொறுப்பில் வந்தது 1976இல்தான். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து! நிலத்தை அளப்பதும் பட்டா எழுதுவதும் அதன் பிறகே நடக்க முடிந்தது.

*

மலையில் ஜாகீர் நீடித்த அதே காலத்தில் கீழே சட்டம் எவ்வாறு வளர்ந்தது என்பதையும் பார்த்துவிடுவோம்.

இந்தியாவில் கூட்டுப்பங்கு நிறுவனங்களைப் பதிவதற்கான முதற்சட்டம் 1850இல் இயற்றப்பட்டது. கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களின் உச்ச நீதிமன்றங்களே அன்று பதிவிடங்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னைக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் மேல். பதிவு என்பது அன்று மாநகரத்துச் செல்வர்களின் காரியம். 1857இன் சட்டம் வரையறுக்கப்பட்ட பொறுப்பைக் கொண்டு வந்தது. நிறுவனம் நொடித்தால் பங்குதாரர் தாம் ஏற்ற பங்குத்தொகையை மட்டுமே இழப்பார். வீடும் நகையும் தப்பும். முன்பின் அறியாதவர்கள் ஒரு தொழிலில் சிறுதொகை போடத் துணிந்தது இதனால்தான்.

சிறியவர்களுக்கான கதவு கூட்டுறவின் வழியே திறந்தது. சென்னை மாகாண அரசின் பணியாக பிரடெரிக் நிக்கல்சன் 1895இலும் 1897இலும் அளித்த அறிக்கைகள், ஜெர்மனியில் ரைஃபைசன் நடத்திய கிராமக் கடன் சங்கங்களை இங்கே முன்மாதிரியாகக் காட்டின. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் வேளாண் கடன் சங்கம் பதிவாயிற்று. சென்னைத் திருவல்லிக்கேணியில் நுகர்வோர் சங்கம் தொடங்கியதும் அவ்வாண்டே. தனியொருவராகப் பிணை காட்ட முடியாத உழவர்கள் ஒன்றுசேர்ந்தால் அந்தச் சேர்க்கையே பிணையாகும் என்பது இதன் அடிப்படை.

பதிவின் வலிமையையும் அதன் எல்லையையும் ஒருசேரக் காட்டிய நிகழ்ச்சி இதற்கு ஈராண்டுக்குப் பின் தூத்துக்குடியில் நடந்தது. சுதேசிக் கப்பல் கம்பெனியின் கதை நாமறிந்ததே. ஆனால் வ.உ.சி.யை நாம் தியாகியாக நினைக்கும் அளவுக்கு, ஒரு தொழிலை முறைப்படி அமைத்தவராக நினைப்பதில்லை. 1906 அக்டோபரில் 1882ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிச் சட்டத்தின்படி அது பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை அவர் 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாக வகுத்தார். இந்த எண்களில்தான் அவருடைய அரசியல் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்ப் பங்கு என்று வைத்திருந்தால் சில தனவந்தர்களோடு கதை முடிந்திருக்கும். ஆங்கிலேயர் இயற்றிய சட்டத்தையே ஏணியாக்கி, எதிரி ஒப்புக்கொள்ளத்தக்க சட்ட உருவத்தோடு அவர் கடலில் இறங்கினார். 1907இல் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்தன.

போட்டிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டார். அவர் சிறையிலிருந்த காலத்திலும் கம்பெனி சட்டப்படி உயிரோடிருந்தது. அது கலைக்கப்பட்டது 1911இல். சாவா மூவாப் பேராட்டில் எண்ணிக்கையைக் காப்பதற்கு ஓர் இடையர் வேண்டும். மேய்ப்பவர் இல்லாதபோது கல்வெட்டு மட்டும் நெய் சுரக்காது. பதிவு ஒரு தொழிலுக்கு உடலைத் தரும், மூச்சைத் தராது.

இன்னொரு சட்டத்தையும் குறிப்பிட வேண்டும். 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டு வணிகச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. அதன்படி பங்காளிகள் சேர்ந்து நடத்தும் நிறுவனத்தைப் பதிவது கட்டாயமன்று. ஆனால் அதன் 69ஆம் பிரிவு சொல்வதைக் கவனியுங்கள்: பதியாத கூட்டு நிறுவனம் ஒப்பந்தத்தால் வந்த உரிமையை நிலைநாட்டப் பிறர்மேல் வழக்குத் தொடுக்க முடியாது. பிறரோ அதன்மேல் வழக்குத் தொடுக்கலாம். கேட்கும் காது உண்டு, பேசும் வாய் இல்லை. பதிவு என்பது எதற்காக என்ற கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான விடை சட்டப் புத்தகத்தில் இல்லை என்றே நினைக்கிறோம்.

*

மீண்டும் கள்ளக்குறிச்சிக்கு வருவோம். 1976க்குப் பிறகு மலைமக்கள் ஏட்டில் ஏறத் தொடங்கினர். தொழிலில்?

மலையிலும் அடிவாரத்திலும் மரவள்ளி விளைகிறது. அது ஆத்தூர், சின்னசேலம் பக்கத்து ஆலைகளுக்குப் போய் ஜவ்வரிசியாகிறது. இரண்டாம் உலகப்போரின்போது வெளிநாட்டுச் சரக்கு நின்றதால் சேலம் வட்டாரத்தில் வேரூன்றிய தொழில் இது. இடைத்தரகர்களிடம் சிக்கித் தவித்த சிறு ஆலைக்காரர்கள் 1981இல் கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்துகொண்டனர், அதுவே சேகோசர்வ். சரக்கைச் சங்கத்தின் கிடங்கில் வைத்து ஒப்பந்தப்புள்ளி முறையில் விற்கும் ஏற்பாடு வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சிறியவர்கள் ஒரு பெயரின்கீழ் திரண்டால் என்ன ஆகும் என்பதற்கு அருகிலேயே உள்ள சான்று. ஆனால் அதன் உறுப்பினர்கள் ஆலைக்காரர்கள். கிழங்கை விளைவித்தவர் அந்தப் பெயருக்கு வெளியே நிற்கிறார்.

மலைக்கென வந்தது வேறொரு சங்கம். வணிகரும் வட்டிக்காரரும் ஒருவராகவே இருக்கும் பழங்குடிப் பகுதிகளில் கடன் ஒருபக்கம், கொள்முதல் ஒருபக்கம் என்று பிரித்தால் பயனில்லை என்று 1970களின் தொடக்கத்தில் மத்திய அரசின் பாவா குழு கண்டது. கடனும், வன விளைபொருள் கொள்முதலும், அன்றாடப் பொருள் விற்பனையும் ஒரே கூரையின்கீழ் நடக்கும் பெரும்பல நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் அதன் பயன். 'லேம்ப்ஸ்' என்றால் மலையில் எல்லோருக்கும் தெரியும். கல்வராயன்மலைக்கும் அது வந்தது. பின்னர் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறு வன விளைபொருளின்மீது சேகரிப்பவருக்கே உடைமை உரிமை உண்டென்று ஏற்றது. கடுக்காய் பொறுக்குபவர் சட்டத்தின் பார்வையில் கூலியாளல்லர், உடையவர். ஏட்டளவிலேனும் இது பெரிய மாற்றம்.

சமவெளியிலும் இத்தகைய ஒரு மாற்றம் நிகழ்ந்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களின் மரச்சிற்பங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல செய்தி. இருப்பினும் குறியீடு காப்பது ஊரின் பெயரை. அந்தப் பெயரை அதிகாரபூர்வமாகப் பயன்படுத்த விரும்பும் சிற்பி, தம்மைத் தனியே அங்கீகாரம் பெற்ற பயனராகப் பதிந்துகொள்ள வேண்டும். ஊர் பதிவாகிவிட்டதாலேயே உளி பிடிப்பவரும் பதிவாகிவிட்டார் என்று பொருளில்லை.

*

இனி அந்த இளைஞரின் தொழில்.

2020 ஜூலை முதல் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு 'உத்யம்' பதிவு நடப்பில் இருக்கிறது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் போதும்; கட்டணம் ஏதுமில்லை. கட்டணம் கேட்கும் போலித் தளங்கள் பல உலவுவதால் இதை அழுத்திச் சொல்கிறோம். பான் எண்ணும் இல்லாத மிகச்சிறு தொழில்களுக்கென 2023 ஜனவரியில் மற்றொரு வழியும் திறக்கப்பட்டது. உண்பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும்.

ஆனால் உத்யம் பதிவு ஒரு கம்பெனியைப் பிறப்பிப்பதில்லை. தனியாள் தொழிலில் தொழிலும் ஆளும் ஒன்றே; தொழிலின் கடன் அவர் வீட்டு வாசலுக்கு வரும். சாவா மூவாத் தன்மை வேண்டுமானால் கம்பெனியாகவோ, வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாகவோ, பத்து உற்பத்தியாளர்களேனும் சேர்ந்து உற்பத்தியாளர் நிறுவனமாகவோ பதிய வேண்டும்.

அப்படியானால் உத்யம் எதற்கு? 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் ஒரு முக்கியமான உரிமையைத் தருகிறது. பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது. இழுத்தடித்தால் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி தர வேண்டும். முறையிட ஒரு மன்றமும் உண்டு. வாங்கி விற்கும் வணிகருக்கு இவ்வுரிமை இல்லை. சாமையை அப்படியே வாங்கி விற்றால் அவர் வணிகர்; குத்திப் புடைத்து அரிசியாக்கினால் உற்பத்தியாளர். மலையிலிருந்து தானியம் மட்டும் இறங்கிய காலத்துக்கும், அரிசியாகிப் பெயரோடு இறங்கும் காலத்துக்கும் இடையே சட்டம் ஒரு கோடு கிழித்திருக்கிறது. அவர் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறார்.

தடைகள் இல்லாமலில்லை. பதிவு முழுதும் இணையத்தில். கைபேசிக்கு வரும் கடவெண் வேண்டும். அலைவரிசை எட்டாத ஊரில் இருப்பவர் அதற்காகவே மலையிறங்க வேண்டும். ஆதாரில் ஒரு எழுத்து, சாதிச் சான்றிதழில் ஒரு எழுத்து என்று பெயர் மாறியிருந்தால் அலைச்சல் தொடங்கும். எழுத்தில் ஏறாதிருந்ததன் விலையைத் தாத்தா தலைமுறை கொடுத்தது. தவறாக எழுதப்பட்டதன் விலையைப் பேரன் தலைமுறை கொடுக்கிறது.

இதையெல்லாம் எழுதும்போது 2024 ஜூனை மறக்க முடியவில்லை. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் மலையில் விளைவதன்று. அது தொழிற்சாலை வேதிப்பொருள். ஆயினும் சாராயம் என்றதும் பலரும் கல்வராயன்மலையைச் சுட்டினர். அதே ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து மலைமக்களின் வாழ்வாதாரம், சாலை, மருத்துவம் பற்றி விசாரிக்கத் தொடங்கியது. கள்ளச்சாராயமும் ஒரு தொழில்தான்: முதலீடு, கொள்முதல், விநியோகம், கடன் எல்லாம் அதிலும் உண்டு. பெயர் மட்டும் இல்லை. எவருடைய முத்திரையும் அந்தப் பொட்டலத்தின்மேல் இல்லை. சரக்குக்குப் பொறுப்பேற்று ஒருவர் தம் பெயரை எழுதுவது எவ்வளவு பெரிய செயல் என்பதை அந்தச் சாவுகள் தலைகீழாக நின்று காட்டின.

பதிவு செய்த தொழில்கள் எல்லாம் பிழைப்பதில்லை. தூத்துக்குடியில் பார்த்தோம். அந்த இளைஞரின் சாமை அரிசி எத்தனை ஆண்டு விற்கும் என்று யார் சொல்ல முடியும்? மழை பொய்க்கலாம், கொள்முதல் செய்பவர் ஏமாற்றலாம், அவருக்கே வேறொரு வேலை கிடைத்துவிடலாம். ஆனால் ஏமாற்றப்பட்டால் இம்முறை அவர் முறையிட முடியும். அவருடைய தாத்தா விளைவித்த சாமையும் இதே சாலை வழியாகத்தான் கள்ளக்குறிச்சிக்கு இறங்கியிருக்கும். அது யார் சாமை என்று மூட்டையின்மேல் எழுதியிருக்கவில்லை.